உன் கடைக்காரர்கள் இப்போது என்னைக் கூப்பிடுகிறார்கள்

அன்பு மச்சான் சலீமுக்கு,

நீ போய் நாலு மாசம் ஆகிறது. அலாரம் கத்தினால் கடைக்காரர்கள் இன்னமும் உன் நம்பருக்குத்தான் கூப்பிடுகிறார்கள். வீட்டில் மெஹரு எடுத்து, விஷயத்தைச் சொல்லி, என் நம்பரைக் கொடுக்கிறாள். நான் போய் நின்றால் யாரும் முதலில் அலாரத்தைப் பற்றிப் பேசுவதில்லை. "பாய்க்கு இன்னா ஆச்சிங்க?" என்றுதான் கேட்கிறார்கள். காலையில் டீ குடித்தான், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. இதை ஒவ்வொரு கடையிலும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் ஏணியை விரிக்கிறேன்.

மற்றபடி எல்லாம் அப்படியே இருக்கிறது. மருந்துக்கடைக்காரர் இன்னமும் அலாரப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் செல்போனுக்கு சார்ஜ் போடுகிறார். பேட்டரி இறங்கி அது கீச் கீச்சென்று கத்தினால், பொருள் சரியில்லை என்று நமக்கு போன். கச்சிராயபாளையம் உரக்கடையில் எலி மறுபடியும் வயரைக் கடித்துவிட்டது. ஜவுளிக்கடையில் வேலையை விட்டு நின்றவருக்கு அலாரத்தை அணைக்கிற நம்பர் தெரியும், மாற்றிவிடுங்கள் என்று மூன்று தடவை சொல்லியாயிற்று. முதலாளிக்குப் புது நம்பர் ஞாபகம் இருக்காதாம். அதே ஒன்று இரண்டு மூன்று நாலுதான்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதை. உனக்குத் தெரியாது என்று இத்தனை வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் நமக்குள் இருந்த பகை நினைவிருக்கிறதா? கள்ளக்குறிச்சியில் அலாரம் மாட்டுகிற ஆள் நான் ஒருத்தன்தான் என்று இருந்தேன். துருகம் ரோட்டில் நீ போர்டு மாட்டினாய். அதற்கப்புறம் எந்தக் கடை ஷட்டரைப் பார்த்தாலும் உன் பச்சை ஸ்டிக்கர்தான் என் கண்ணில் பட்டது. டீக்கடையில் நீ நின்றால் நான் அடுத்த கடைக்குப் போவேன். உன்னை "அந்தப் புது ஆளு" என்றுதான் சொல்வேன், பேரைச் சொல்லமாட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் திருக்கோவிலூர் பாத்திரக்கடை நடேசன் ஐயா என்னைக் கூப்பிட்டார். நீ மாட்டின அலாரம் ஒரே வாரத்தில் ரெண்டு தடவை சும்மா அடித்து, தெருவே கூடிவிட்டதாம். போனேன். சுவர் மூலையில் இருந்த சென்சாரைக் கழற்றித் திறந்தேன். உள்ளே பல்லி முட்டை ரெண்டு. பல்லி முன்பக்கமாக ஊர்ந்து போகும்போதெல்லாம் ஆள் வந்ததாக நினைத்து அது கத்தியிருக்கிறது. உன் வேலையில் ஒரு குறையும் இல்லை மச்சான். வயரை நீ இழுத்திருந்த நேர்த்தியைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது.

துடைத்துவிட்டு, பல்லி புகுந்த துளையை அடைத்திருந்தால் பத்து நிமிஷ வேலை. நான் மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, "ஐயா, சரக்கே மட்டம். வேலையும் மட்டம். மொத்தமா மாத்தறதுதான் நல்லது" என்றேன். அவர் மாற்றினார். உன் பெட்டியையும் சென்சாரையும் நானே கழற்றி அட்டைப்பெட்டியில் போட்டு அவரிடம் கொடுத்தேன். உன் ஸ்டிக்கரை நகத்தாலேயே சுரண்டி எடுத்தேன்.

அதற்கு ஆறு மாசம் கழித்துத்தான் வெள்ளிமலை.

சாமையும் கடுக்காயும் அடுக்கி வைத்திருந்த அந்த குடோன்காரர், நம் ரெண்டு பேரையும் ஒரே நாளில் அளவெடுக்க வரச் சொல்லியிருந்தார். பஸ்ஸில் நீ முன்சீட்டில், நான் கடைசி சீட்டில். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் உன் தலை தெரியும், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். குடோனில் நீ ஒரு சுவரை அளந்தாய், நான் எதிர்ச் சுவரை. டேப்பின் முனையில் கல்லை வைத்துவிட்டு நடந்தேன். பாதி தூரத்தில் அது பிடுங்கிக்கொண்டு வந்து என் காலிலேயே அடித்தது. நீ சிரிக்கவில்லை. வந்து குனிந்து முனையைப் பிடித்தாய்.

"நீங்க போங்க. நான் புடிச்சிக்கினு இருக்கறேன்."

"அப்ப ஒங்களுக்கு?"

"எனுக்கு நீங்க புடிங்க. இங்க வேற யாரு கீறாங்க?"

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. கீழே எங்கேயோ மரம் சாய்ந்து பஸ் மேலே வராது என்றார்கள். சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தோம். மெஹரு கட்டிக் கொடுத்த கத்திரிக்காய்க் குழம்பில் பாதியை என் தயிர்சாதத்தின் மேல் நீயாகவே ஊற்றினாய். என் ஊறுகாயை எடுத்து வாயில் வைத்துவிட்டு, "இன்னா மச்சான், ஒறப்பு இவ்ளோ ஜாஸ்தி?" என்றாய். நீ என்னை முதன்முதலாக அப்படிக் கூப்பிட்டது அப்போதுதான். அப்புறம் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: "இந்த எடத்துக்கு ஒரு ஆளு பத்தாது. ரெண்டு பேரும் சேந்தே போட்டுடலாமா?"

பாத்திரக்கடை விஷயம் என் வாய் வரைக்கும் வந்தது. சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

அதற்கப்புறம் நாம் சேர்ந்து போகாத ஊர் உண்டா? நான் ஏணியில் நின்றால் நீ கீழே பிடித்துக்கொண்டாய். உனக்கு உயரம் ஆகாது, எனக்குக் கடைக்காரர்களிடம் பேச்சு வராது. சைரனைப் போட்டுக் காட்டும் முன்னால் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கெல்லாம் நீ போய், "அம்மா, பயந்துடாதீங்க, சும்மா டெஸ்டிங்" என்று சொல்லிவிட்டு வருவாய். அதற்குள் உன் கையில் யாராவது டீயைக் கொடுத்திருப்பார்கள். நோன்பு மாசத்தில் சாயங்காலம் உனக்கு வரும் போனை நான் எடுத்தேன். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினைந்து நாளும் என் கடைகளை நீ பார்த்துக்கொண்டாய். திரும்பி வந்து பார்த்தால் ஒரு கடை குறையவில்லை. "ரெண்டு பேரு எங்கிட்ட வரேன்னாங்க. நான்தான் சேத்துக்கல" என்று சொல்லிச் சிரித்தாய். நான் தலையைக் குனிந்துகொண்டு வயர் சுற்றினேன்.

போன மாசம் மெஹரு உன் நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். எந்தக் கடையில் எந்தப் பெட்டி, எப்போது பேட்டரி மாற்றினாய், அடுத்து எப்போது மாற்ற வேண்டும், எல்லாம் உன் கையெழுத்தில். "அண்ணா, இவங்கள நீங்க பாத்துக்கோங்க. வேற யாருகிட்டயும் உட மனசு வரல" என்றாள். வாங்கிக்கொண்டேன். வாங்கின கை கூசியது மச்சான். உன் கடை ஒன்றைப் பொய் சொல்லிப் பறித்தவனிடம் மொத்தக் கடைகளையும் கொடுக்கிறாள்.

மறுநாள் திருக்கோவிலூருக்குப் போனேன். நடேசன் ஐயாவுக்கு வயசாகிவிட்டது, கல்லாவில் மகன் உட்கார்ந்திருக்கிறார். ஐயா ஓரமாக நாற்காலியில் இருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெட்டி நல்ல பெட்டி என்றும், நான் சொன்னது பொய் என்றும்.

ஐயா பக்கத்து ஸ்டூலைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"அது அப்பவே தெரியும்பா. நீ மாட்டிட்டுப் போன ரெண்டாம் நாளே பாய் வந்தாரு, கழட்டுனத வாங்கினு போவ. இங்கயே உக்காந்து தொறந்து பாத்தாரு. 'பல்லி முட்டைங்க'ன்னு எனுக்கும் காட்டுனாரு."

"நீங்க இன்னா சொன்னீங்க?"

"எனுக்குக் கோவம் வந்துடுச்சி. அவன் பொருள கழட்டிடறேன், உன்னுதயே மாட்டிக் குடுன்னேன். வேணாங்கன்னுட்டாரு. 'அவரு போட்டது நல்லாத்தான் கீது, ஓடட்டும். அவருக்கும் குடும்பம் கீதுங்களே'ன்னாரு. பொட்டியத் தூக்கினு போய்ட்டாரு."

தென்பெண்ணைப் பாலத்தில் வண்டியை நிறுத்திவிட்டு வெகுநேரம் நின்றேன். அப்படியானால் வெள்ளிமலைக்கு நீ தெரிந்துதான் வந்தாயா? தெரிந்துதான் என் டேப்பைக் குனிந்து பிடித்தாயா? குழம்பை ஊற்றினபோதும் தெரியுமா? ஒரு தடவை சண்டை போட்டிருக்கலாமே மச்சான். "ஏன்டா அப்டி செஞ்சே?" என்று சட்டையைப் பிடித்திருந்தால், காலில் விழுந்திருப்பேனே. நானாகச் சொல்வேன் என்று காத்திருந்தாயா? இல்லை, நிஜமாகவே மறந்துவிட்டாயா?

அன்று சாயங்காலம் உன் வீட்டுக்குப் போய் மெஹருவிடம் சொன்னேன். நோட்டைத் திருப்பிக் கொடுப்பதாக எடுத்துக்கொண்டும் போயிருந்தேன். அவள் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும் நோட்டை நீட்டினேன்.

"அவரு இத எங்கிட்ட சொன்னதே இல்லண்ணா. அவரே மனசுல வெச்சிக்காதது எனுக்கு எதுக்கு?" என்றாள். நோட்டை வாங்கினாள். பக்கத்தைப் புரட்டினாள். "நாளிக்கு சங்கராபுரத்துல பேட்டரி மாத்தணும்னு எழுதிக்கீது. நீங்க போறீங்களா, இல்ல ரெண்டு நாளு கழிச்சி வரோம்னு சொல்லட்டா?"

போனேன். இப்போதெல்லாம் என் நம்பரைக் கொடுக்கும் முன்னால் அவளே விசாரிக்கிறாள், நான்தான் அப்படிக் கேட்டுக்கொண்டேன். "பச்ச லைட்டு எரியுதா, செவப்பா? பிளக்கு மாட்டிக்கீதா, பாருங்க" என்று கேட்டே பாதிப் புகார்களை முடித்துவிடுகிறாள். மருந்துக்கடைக்காரரை அவள் அதட்டினதைக் கேட்டிருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். உன் மூத்த மகள் காலேஜுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறாள். அவளைப் பற்றிக் கவலைப்படாதே.

உன் கடைகள் உன் கடைகளாகவே இருக்கும் மச்சான். புதிதாகப் போகிற இடத்திலும் ஸ்டிக்கரில் ரெண்டு பேர் பெயரும்தான் இருக்கும். எவன் பெட்டியைத் திறக்க நேர்ந்தாலும், உள்ளே நான் என்ன பார்த்தேனோ அதைத்தான் கடைக்காரரிடம் சொல்வேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. நீ இருந்தபோதே கொடுத்திருக்க வேண்டியது.

இப்படிக்கு,
மெஹருவுக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
கோவிந்தன்