நாம் தேடிய சுமாக் செடி

இன்று ஷிப்டு முடிந்து கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாக வந்திருக்கும் கிரில் கோழிக்கடையில் நின்றேன். கடைக்காரர் தட்டில் வெங்காயத்தைப் பரப்பி, அதன்மேல் செம்பழுப்பாக ஒரு தூளைத் தூவினார். வாயில் வைத்ததும் அந்தப் புளிப்பு. மேலே சாப்பிட முடியவில்லை. பொட்டலம் கட்டித் தரச் சொல்லி, ஆரம்பாக்கம் வண்டியில் ஏறிவிட்டேன்.

பேக்கிங் செக்‌ஷனில் நாம் எதிரெதிரே உட்கார்ந்திருந்த காலத்தில் நீதான் முதன்முதலில் அந்தத் தூளைக் கொண்டுவந்தாய். சவுதியில் ஓட்டல் சமையல்கட்டில் வேலை செய்யும் உன் அண்ணன் கொடுத்தனுப்பியது. என் தயிர்சாதத்தில் நீயே தூவிவிட்டு, "இன்னாடி, எப்டிகீது?" என்று என் முகத்தையே பார்த்தாய். புளியும் இல்லை, எலுமிச்சையும் இல்லை. "சுமாக்காம். ஒரு செடியோட பழம். நம்ம ஊர் மலையிலயும் அதோட சொந்தக்காரச் செடி ஒண்ணு கீதாம், போன்ல பாத்தேன்" என்றாய். பழவேற்காட்டுக் கடலோரம் பிறந்த உனக்கு மலைமேல் அப்படி ஓர் ஆசை.

அந்தச் செடியைத் தேடி, அந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிப்பட்டில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனோம். ஊரை ஒட்டிய கரட்டுக் குன்றில் வெயிலில் ஏறினோம். இறகு போல இரண்டு பக்கமும் இலை, கொத்துக் கொத்தாகச் சின்னச் சிவப்புப் பழம். உன் அண்ணன் அனுப்பிய படத்தில் இருந்தது போலவே இருந்தது. நீ துள்ளிக் குதித்தாய். நான் ஒரு பழத்தைப் பறித்ததும் கையைப் பிடித்துக்கொண்டாய். "இரு. சேராங்கொட்டையும் இதுக்குச் சொந்தம்தான். அதோட பால் பட்டாலே கொப்புளம் வரும். வாயில வெக்கிறதுக்கு முன்னாடி நல்லா பாரு."

ஒரு கிளையை ஒடித்துக் கீழே கொண்டுபோனோம். அக்கா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "இதுக்கா இம்மாந்தூரம் வந்தீங்க? இது ஒதிய மரம். எங்க வேலியிலயே நிக்குது!"

ரயிலில் திரும்பும்போதும் நீ விடவில்லை. போனில் தேடிக்கொண்டே வந்தாய். "நம்ம ஊர்ச் செடிக்கு மூணு மூணா இலை. நடு இலை பெருசு. கெளையில முள்ளு இருக்கும். அடுத்த வாட்டி ஏமாற மாட்டோம்."

அடுத்த வாட்டி வரவே இல்லை. வயிற்றுவலி என்று லீவு போட ஆரம்பித்தாய். பிறகு ஆஸ்பத்திரி, ஊசி, மருந்து. முடி கொட்டியதற்கு நீ அழவில்லை. சோறு மண்ணு மாதிரி இருக்கிறது என்று சொன்னபோதுதான் அழுதாய். நான் கஞ்சியில் அந்தத் தூளைக் கொஞ்சம் போட்டு ஊட்டினேன். கண்ணை மூடி, "இது மட்டும் தெரியுதுடி" என்றாய். இன்னும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "எழுந்து நடமாடிட்டேன்னா மறுபடி மலைக்குப் போலாம்" என்றாய். போகலாம் என்றேன். இருவருக்கும் தெரிந்திருந்தது.

ஐப்பசி மழையில் உன்னை அடக்கம் செய்தார்கள். நான் ரோட்டோரம் குடை பிடித்து நின்றேன்.

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போனபோது, போக வேண்டாம் என்று நினைத்தபடியே கரட்டில் ஏறினேன். நாம் போன பாதையைத் தாண்டி, பாறை இடுக்கில் இடுப்புயரப் புதர். கிளையில் முள். மூன்று மூன்றாக இலை, நடு இலை பெரிது, ஓரமெல்லாம் வெட்டு வெட்டாக. ஒரு இலையைக் கசக்கினேன், பிசின் வாசம் அடித்தது. நுனியில் மிளகு அளவில் செம்பழுப்புப் பழங்கள். நீ சொன்னது எல்லாம் ஒன்றுவிடாமல் இருந்தது.

என்னை அறியாமல் உன் பேரைச் சொல்லி, "ஏய், சீக்கிரம் வாடி, இங்க கீது!" என்று கத்திவிட்டேன். திரும்பியும் பார்த்தேன்.

கீழே ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்த அக்கா, "யாரடி கூப்புடுற?" என்றாள். பழத்தைப் பறிக்காமல் இறங்கி வந்தேன்.

இப்போதும் நல்லதாக எதைப் பார்த்தாலும் உன் பேர்தான் முதலில் நாக்கில் வருகிறது. அதை விழுங்கப் பழகிக்கொள் என்கிறார்கள். நான் பழகவில்லை.