தைக்கிறவளுக்குத் தெரியும்

இன்று காலை நெசவுக்காரர் வீட்டிலிருந்து வந்த புதுக்கட்டைப் பிரித்தேன். கஞ்சி வாசனை கடை முழுக்கப் பரவியது. முதல் சேலையைத் தொட்டுப் பார்க்க உன்னைக் கூப்பிட வாய் திறந்துவிட்டேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. வாய்க்கு இன்னும் பழகவில்லை.

செஞ்சி கடைத்தெருவில் நாம் சேர்ந்து கடை போட்டபோது, நீ கைத்தறித் துணி வாங்கி விற்பவள், நான் தைப்பவள். வியாபாரம் படுத்துக் கிடந்த ஒரு மார்கழியில் சென்னையிலிருந்து ஒரு வியாபாரி வந்தாரே, நினைவிருக்கிறதா? வேன் நிறைய விசைத்தறித் துணி. கூடவே ‘கைத்தறி’ என்று அச்சடித்த லேபிள் கட்டு.

“சட்டையா தச்சு இந்த லேபிள வெச்சுக் குடுங்க, போதும். வருஷம் பூரா வேலை வரும். யாருக்குங்க தெரியப் போவுது?”

நீ என்னைக் காட்டினாய். “தைக்கிற இவளுக்குத் தெரியுமே.”

வேன் திரும்பிப் போனது. “இன்னாடி இப்படிப் பண்ணிட்ட? கடைய மூடிடலாமா?” என்று கத்தினேன். நீ சேலைகளை மூட்டை கட்டினாய். அந்த ஞாயிற்றுக்கிழமை, கோட்டை பார்க்க வந்த கூட்டத்துக்கு நடுவே மலையடிவாரத்தில் கடை விரித்தோம்.

ஒரு பெண் நீலச் சேலையைப் புரட்டினாள். “சாயம் போவுமா?”

“கொஞ்சம் வெளுக்கும்மா. ஆனா கட்டக் கட்ட மெத்துனு ஆவும். எங்கயாவது கிழிஞ்சா எடுத்துனு வா, இவ இழை தெரியாம தச்சுக் குடுப்பா.”

வெளுக்கும் என்று சொல்லி யாராவது விற்பார்களா என்று உன் தொடையைக் கிள்ளினேன். அவளோ வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வருஷப் பொங்கலுக்கு அக்கா தங்கைகளோடு நம் கடையைத் தேடி வந்தாள். அதே நீலச் சேலையைத்தான் கட்டியிருந்தாள். வெளுத்துத்தான் இருந்தது. அதன் முந்தானையைத் தடவிவிட்டு நீ என்னைப் பார்த்தாயே, அப்படி ஒரு கர்வத்தை உன் மகள் கல்யாணத்தில்கூட உன் முகத்தில் நான் பார்க்கவில்லை.

படுக்கையில் விழுந்த பிறகும் என்னைக் கண்டால், “கடையத் தொறந்துட்டியா?” என்றுதான் முதலில் கேட்பாய். திறந்துதான் இருக்கிறது. கிழிந்ததைத் தைக்க வருகிறவர்களும் புதிது வாங்க வருகிறவர்களும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்காருகிறார்கள்.

போன வாரம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா, “இன்னா வேலை பண்றீங்க?” என்று கேட்டார். முன்பெல்லாம் “டெய்லர்” என்று முணுமுணுப்பேன். இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“செஞ்சில நாங்க கைத்தறிக் கடை வெச்சிருக்கோம்.”

“நாங்கன்னா? கூட யாரு?”

உன் பெயரைச் சொன்னேன்.