வகுபடாத ஏழு கோடிச் சொச்சம்

ஜூன் 3, செவ்வாய்
வெயில் கொடுமை. மாவுக்கட்டுக்குள் அரிப்பு. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் குழாய் சரிந்து கால் முறிந்து பன்னிரண்டு நாள். இன்னும் ஐந்து வாரம் படுக்கைதான்.

சாயங்காலம் மகள் நித்யா கல்லூரியிலிருந்து வந்து ஓர் எண் எழுதிக் காட்டினாள். 73939133. பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் மீதியில்லாமல் வகுபடாது.

"கடைசி இலக்கத்த வெட்டுங்கப்பா. மிச்சமும் பகா எண்தான். வெட்டிக்கிட்டே போங்க."

7393913, 739391, 73939, 7393, 739, 73, 7. எட்டும்! இந்த வகையில் இதைவிடப் பெரியது கிடையாதாம்.

பத்தாம் வகுப்புக் கணக்கில் தோற்றவன் நான். மற்ற ஏழு எண்களை விடு, பெரியதை மட்டுமாவது கையால் வகுத்துப் பார்க்க வேண்டும். கைப்பேசி ஒரு நொடியில் சொல்லும்தான். நான் பார்த்ததாகுமா?

ஜூன் 4
நித்யா பகா எண் பட்டியல் தந்தாள், 8,597 வரை. அதற்கு மேல் வேண்டாம். இரண்டு காரணிகளுமே அதைத் தாண்டினால் பெருக்கி வருவது நம் எண்ணையே தாண்டிவிடும். அழகு. ஆனாலும் ஆயிரத்துக்கு மேல் வகுத்தல்.

முதல் பக்கம்: 19 வரை. எல்லாவற்றுக்கும் மீதி.
இரண்டாம் பக்கம்: 23. மீதி பூஜ்ஜியம்!
எண்ணை உடைத்துவிட்டேன். சந்தோஷம் வரவில்லை.

ஜூன் 5
மனைவி கலாமணி தறிக்குப் போகுமுன் நோட்டைப் பார்த்தாள். அறுந்த நூலைத் தூரத்திலேயே கண்டுபிடிக்கிறவள்.

"ஏனுங்க, மொதப் பக்கத்துல ஒண்ணு. இங்க ஏழு போட்டிருக்கறீங்க."

73939733 என்று எழுதியிருக்கிறேன்! திரும்ப வகுத்தேன். மீதி 21. அப்பாடா. பால்காரர் வாசலில் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை.

ஜூன் 20
தூறல். 5,003 வரை முடிந்தது.
ரிக் முதலாளி போன். "உங்க எடத்துல ஆள் போட்டாச்சுங்க. கோவிச்சுக்காதீங்க." பதினெட்டு வருசம். "ஆமாங்க, சரிங்க" என்றேன்.
பிறகு நாற்பது வகுத்தல். இந்த எண்ணை எது கொண்டு அறுத்தாலும் ஏதோ ஒன்று மிஞ்சிவிடுகிறது.

ஜூலை 7, திங்கள்
நாளைக்குக் கட்டுப் பிரிப்பு. வேலை? தெரியாது.
மிச்சம் ஒன்றே ஒன்று. கலாமணி பேனாவை வாங்கிக்கொண்டாள். எட்டாவது வரை படித்தவள். "சொல்லுங்க, நான் போடறன்."
8,597. ஈவு 8,600. மீதி 4,933.

"அவ்ளோதானா?"
"அவ்ளோதான். யாராலும் உடைக்க முடியாது."

அவள் நோட்டின் முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். அந்த எண்ணின் மேல் விரல் வைத்து வாசித்தாள், தடுமாறாமல், வாசல்வரை கேட்கிற குரலில்:
"ஏழு கோடியே முப்பத்தொன்பது லட்சத்து முப்பத்தொன்பதாயிரத்து நூத்தி முப்பத்தி மூணு."