பிறை முந்திக்கொண்ட கச்சேரி

ஜெபல் அலி,
துபாய்.

அன்புள்ள மணிகண்டனுக்கு,

நெய்னா முகம்மது எழுதுவது. எனக்கு நோன்புத் தலைவலியைத் தவிர வேறு குறை இல்லை. உன் உடம்பும், அதைவிட முக்கியமாக உன் தொண்டையும் நன்றாக இருக்க வேண்டும்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. வாட்ஸப்பில் நீ என்னை பிளாக் செய்துவிட்டாய், போன் போட்டாலும் எடுப்பதில்லை. எங்கள் கம்பெனி நிஜாம் ரியாத் வருகிறான். அங்கே பத்தா பஜார் பக்கம் உன் ரூமைத் தேடிப் பிடித்து, உன் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

நடந்ததைப் பேசிவிடுவோம். புதன்கிழமை கச்சேரி வேண்டாம், பிறை பார்த்த பிறகுதான் நோன்பு என்றைக்கு என்று தெரியும் என்று படித்துப் படித்துச் சொன்னேன். உனக்கு ரியாத்தில் லீவு கிடைத்தது அந்த வாரம்தான். "காலண்டர்ல வியாழன்னு போட்டிருக்குடா, நீ ஏன் பயப்படுறே?" என்றாய். செவ்வாய் மாலை நாம் ஹோட்டல் வாசலில் வேனிலிருந்து ஸ்பீக்கர்களை இறக்கிக்கொண்டிருந்தபோது பிறை தெரிந்துவிட்டது என்று செய்தி வந்தது. நோன்பு மாதத்தில் எங்களிடம் கச்சேரி கிடையாது என்று ஹோட்டல் மேனேஜர் சொல்லிவிட்டார். நீ அவரை ஒன்றும் சொல்லவில்லை. என்னைப் பார்த்து, "உங்க பிறைக்கு என் லீவு தெரியாதா?" என்று கத்திவிட்டு டாக்ஸி ஏறிவிட்டாய்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று விட்டுவிடத்தான் பார்த்தேன். முடியவில்லை. அந்த 'உங்க' சுட்டது மணி. பஹ்ரைனில், ஈசா டவுன் பள்ளியில் ஒரே பெஞ்சில் படித்தோம். எங்கள் வீட்டு நோன்புக் கஞ்சிக்கு எனக்கு முன்னால் நீ உட்கார்ந்திருப்பாய். அப்போது உங்க, எங்க என்று ஏது?

பள்ளி ஆண்டு விழாவில் எல்லோரும் சினிமாப் பாட்டுப் பாட, நீ மட்டும் பழைய கீபோர்டோடு வந்து நியூ வேவ் என்று ஏதோ இங்கிலீஷ் பாணி இசையை ஆரம்பித்தாய். மெஷின் மாதிரி ஒரே தாளம், அதன்மேல் அழுகிறதா கேலி செய்கிறதா என்று தெரியாத உன் குரல். தமிழ் மாஸ்டர் மைக் ரிப்பேரா என்று கேட்டார். துபாய் வந்தும் நீ விடவில்லை. கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டு வாசித்துத்தான் சின்தசைசர் வாங்கினோம். சொந்தமாக ஆறு பாட்டுப் போட்டோம். உன் கம்பெனியை மூடி, விசா கேன்சலாகி நீ ரியாத் போன பிறகும் பாட்டை போனில் அனுப்பிக்கொண்டுதான் இருந்தாய்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அதே ஹோட்டலில் பெருநாளுக்கு மறுநாள் மாலை மேடை தருகிறார்கள். சென்னையில் ஆல்பம் வெளியிடும் கம்பெனிக்காரர் ஒருவர் கேட்க வருகிறார். பிறை எப்போது தெரிந்தாலும் மறுநாள் மறுநாள்தான். அங்கேயும் பெருநாள் லீவு இருக்கும், ஒரு நாள் கூட்டிக் கேள்.

பிராக்டீஸ் நடக்கிறது. நோன்பு மாதத்திலாவது சும்மா இருக்கக் கூடாதா என்று என் பெண்டாட்டி மர்ஜானா திட்டுகிறாள். அதனால் வீட்டில் டிரம்ஸைத் தொடாமல் தொடையில் தட்டிப் பழகுகிறேன்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. நீ இல்லாததால் சின்தசைசர் வாசிக்கும் தன்யாவையே பாடச் சொன்னேன். முதலில் உன் வரிகளைப் பார்த்துப் படித்தாள். இப்போது பார்க்காமலே பாடுகிறாள். நன்றாக இல்லை என்று எழுதினால் நீ சந்தோஷப்படுவாய். ஆனால் நன்றாகத்தான் பாடுகிறாள். போன வாரம் பாட்டு முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான், அன்றைக்கு உன்னை ஒரு தடவைகூட நினைக்கவில்லை என்று எனக்கு உறைத்தது. பயந்துபோனேன்.

உன் கோபத்தை அல்லாஹ் லேசாக்கட்டும். மன்னிப்பெல்லாம் வேண்டாம். அவள் குரல் எனக்குப் பழகிப்போவதற்குள் வந்துவிடு.

உன்,
நெய்னா