டெனியின் இடது கண்

எஸ்டெவன், சஸ்காட்சுவான், கனடா
1996 ஜனவரி 14, ஞாயிறு

என் செல்ல மகன் ஒரெஸ்டுக்கு,

தேவமாதாவின் கிருபையால் நலம். குளிர் பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது. வண்டி கிளம்பவில்லை, பூசைக்கு நடந்தே போனேன். இந்த ஐஸ் ஹாக்கிப் பருவத்தில் உனக்கு இதுவரை இருபத்திரண்டு சண்டை, முப்பத்தொன்பது தையல். கோயில் நாள்காட்டியில் குறித்து வருகிறேன். மூக்கு மறுபடி உடைந்ததை நீ சொல்லவில்லை, தொலைக்காட்சி சொன்னது.

மூன்று குளிர்காலம் நம் வீட்டில் தங்கி, உன்னோடு ஜூனியர் அணிக்கு ஆடினானே டெனி லவாலே, அவன் போன் செய்தான். இடது கண்ணில் விழித்திரை கிழிந்து ஒட்டவைத்திருக்கிறார்களாம். இன்னொரு அடி பட்டால் பார்வை போய்விடுமாம். அணிக்குத் தெரிந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறான். "ஒரெஸ்டுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா, பாவம் பாத்து ஒதுங்கிடுவான்" என்றான். வாக்குக் கொடுத்தேன்; இதோ மீறுகிறேன். பிப்ரவரி மூன்றாம் தேதி அவன் அணியோடு உனக்கு ஆட்டம். அவன் எதிரே சண்டைக்குக் கையுறையைக் கழற்றாதே, கண்ணே.

ஜெபத்துடன்,
அம்மா


1996 பிப்ரவரி 6

அன்புள்ள அம்மா,

தொலைக்காட்சியில் நீ பார்த்திருப்பாய். நான் ஒதுங்கித்தான் போனேன். டெனிதான் விடவில்லை. "என்னடா பெரிய மனுஷா, அம்மா சுட்ட ரொட்டி இன்னும் செரிக்கலையா?" என்றான். எங்கள் பெஞ்சே சிரித்தது. பயிற்சியாளர் காதருகே குனிந்தார்: "ஆள் எடுக்க வந்த மேல் லீக்காரன் மாடியில உக்காந்து பாக்குறான். கையக் கட்டிக்கிட்டு நிக்கவா உன்ன வெச்சிருக்கேன்?"

கையுறைகள் விழுந்தன. முதலில் தோளில்தான் அடித்தேன். அவன் என் உதட்டைக் கிழித்தான். இரண்டு பல்லை ஐஸில் துப்பினேன். பிறகு அவன் என் சட்டையை இரு கையாலும் இறுக்கிப் பிடித்து, தலையை என் மார்பில் சாய்த்தான். எங்களுக்குள் அதற்கு ஒரே அர்த்தம். "போதும்டா" என்றும் சொன்னான். நடுவர்கள் பிரிக்க வந்துகொண்டிருந்தார்கள். கூட்டம் அலறியது. நான் இன்னும் ஒன்று கொடுத்தேன், வலது கையால், கீழிருந்து. முட்டை உடைவதுபோல் கைக்கடியில் ஏதோ உடைந்தது. அவன் முகத்தை ஐஸில் புதைத்துக்கொண்டு காலை உதைத்தான்.

வெறியில் நடந்துவிட்டது அம்மா. நேற்று மேல் லீக்கிலிருந்து அழைப்பு வந்தது. ஈஸ்டருக்கு வருகிறேன். அதற்குள் டெனியிடம் நீ பேசிவை.

உன்
ஒரெஸ்ட்


1996 மார்ச் 17

ஒரெஸ்டுக்கு,

டெனி இரண்டு வாரம் இங்கே இருந்தான். கண்ணை எடுத்துவிட்டார்கள். தேநீரைக் கோப்பைக்கு வெளியே ஊற்றிவிட்டு, தானே சிரிப்பான். "வெறியில விழுந்த அடிம்மா, நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன்" என்று உனக்காகப் பேசுவான்.

உனக்குத் தெரியாது என்றே நினைத்திருந்தான். அந்த நினைப்பில் அவனை வைத்து என்னால் சோறு போட முடியவில்லை. உனக்கு முன்பே எழுதியிருந்ததை நேற்று சொன்னேன்.

கரண்டியைக் கீழே வைத்தான். "எந்தக் கண்ணுன்னும் சொன்னீங்களாம்மா?"

"சொன்னேன்ப்பா."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பெட்டியைக் கட்டினான். வாசலில் என் கையை முத்தமிட்டுவிட்டுத்தான் போனான். உனக்கென்று எதுவும் சொல்லவில்லை.

என் பங்கைப் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். உன் பங்கை நான் சொல்ல முடியாது.

ஈஸ்டருக்கு நீ வர வேண்டாம். வந்து நின்றால் கட்டிக்கொள்வேன். அதனால்தான் வராதே என்கிறேன்.

அம்மா