அடுப்புப் பக்கத்து முனை

ஜூன் 3
இன்றைக்கும் நூலில் சாயத் திட்டு விழுந்துவிட்டது. அரக்குச் சாயத்திலிருந்து தூக்கும்போது நூல் கற்றைகள் மாட்டிய கோல் இடது பக்கம் சாய்ந்தது. பட்டு நூல் சிட்டமெல்லாம் அந்தப் பக்கம் சரிந்து, சாயத்திலேயே கூட நேரம் கிடந்து கருத்துப்போனது. முதலாளி அப்பாதுரை அதைப் பட்டறையில் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "இன்னொரு வாட்டி ஆச்சுன்னா தாமல் ஊர்லருந்து ஆள் வச்சிக்கிறேன். நீ நூலு காயப் போட்டுக்கினு இரும்மா."

முன்பு நானும் என் வீட்டுக்காரரும் பெரிய தொட்டியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். கோலின் வலது முனை எனக்கு, இடது முனை அவருக்கு. அவர் மாரடைப்பில் போன பிறகு எனக்குச் சின்னத் தொட்டி. இரண்டு முனையும் நான்தான். அதையும் பிடுங்கப் பார்க்கிறார்கள்.

ஜூன் 4
மகள் சுகாசினி என்னை ஜிம்மில் சேர்த்துவிட்டாள். கைக்குத் தெம்பு வருமாம், வீட்டில் உட்கார்ந்து அழமாட்டேனாம். நான் எங்கே அழுதேன்? அழ எங்கே நேரம்?

ஜூன் 6
பெண்களுக்கு மெஷின் மட்டும்தானாம். இரும்புக் குண்டு, தம்புள்ஸ் எல்லாம் ஆம்பளைகள் பக்கம், தடுப்புக்கு அந்தாண்ட. எனக்கு அதுதான் வேணும் என்று கேட்டேன். ஜிம் வைத்திருக்கிற தினேஷ் சிரித்தான். "கால்ல போட்டுக்கினீங்கன்னா யாரு பதில் சொல்றது? மெஷின்தான் சேஃப்டிம்மா. உக்காந்து தள்ளுங்க, போதும்." கொதிக்கிற தொட்டியில் நிற்கிறவளுக்கு இவன் சேஃப்டி சொல்கிறான்.

ஜூன் 20
தலைக்கு மேல் தள்ளுகிற மெஷினில் இன்றைக்கு இன்னொரு பட்டை எடை கூட்டினார்கள். சுலபமாகத் தள்ளினேன். சொல்லிக்கொடுக்கிற பெண் சிம்ரன் கைதட்டினாள். எனக்கே சந்தோஷமாக இருந்தது. நாளைக்குத் தொட்டியில் பார்க்கிறேன்.

ஜூன் 21
திட்டு.
தாமல் ஆள் ஆடி முதல் தேதி வருகிறானாம். முதலாளி சொல்லிவிட்டார்.

ஜூன் 23
ஜிம்முக்குப் போய்ச் சத்தம் போட்டேன். உங்க மெஷினை நம்பி என் பொழப்பு போச்சு என்றேன். தினேஷ் அப்போது வந்திருக்கவில்லை. சிம்ரன் தடுப்புக்கு அந்தாண்ட போய் இரண்டு தம்புள்ஸ் கொண்டுவந்து கைக்கு ஒன்றாகக் கொடுத்தாள். வலது கை மேலே போய்விட்டது. இடது கை காதோடு நின்றுவிட்டது.

"ஆன்ட்டி, அந்த மெஷின்ல ரெண்டு புடியும் ஒரே கம்பி. உங்க வலது கைதான் தள்ளிச்சு. இடது சும்மா கூடப் போய்க்கினு இருந்துச்சு."

வீட்டுக்கு வந்து அவர் படத்தின் முன் நின்று திட்டினேன். இடது முனை அடுப்புப் பக்கம். அனல் முகத்தில் அடிக்கும். ஒரு நாளாவது என்னை அங்கே நிற்க விட்டீங்களா? உங்களை யார் கேட்டது? வலது முனையிலேயே நிறுத்தி என் இடது கையை இப்படி ஆக்கி வச்சிட்டுப் போய்ட்டீங்களே!

ஜூன் 26
நான் குண்டு தூக்குவதைத் தினேஷ் பார்த்துவிட்டான். சிம்ரனைப் பார்த்து எல்லோர் எதிரிலும் கத்தினான். "கால்ல விழுந்தா என் கால்தானே? வேணும்னா எழுதித் தரேன்" என்றேன். முறைத்துக்கொண்டு போனான். சிம்ரன் அந்தக் குண்டுகளைத் திரும்பக் கொண்டுபோய் வைக்கவில்லை.

ஜூன் 30
இடது தோள் எரிகிறது. எரியட்டும்.

ஜூலை 8
சிம்ரன் தினமும் இடது கைக்குத்தான் முதலில் கொடுக்கிறாள். அது எத்தனை தடவை தூக்குகிறதோ அதற்கு மேல் வலது கை தூக்கக்கூடாதாம். வலது கைக்குக் கோபம் வருகிறது. காத்திருடி என்கிறேன். கால் மெஷினை மட்டும் விடவில்லை. முட்டிக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 17
ஆடி ஒண்ணு. தாமல் ஆள் வந்துவிட்டான். சத்யராஜ் என்று பெயர், என் தம்பி வயசு. கைகட்டி ஓரமாக நின்றான். அவன் கண் முன்னால் மயில்கழுத்து நிறத்தில் போட்டிருந்த நூலைத் தூக்கினேன். ஈரப் பட்டு ஆடியது, கோல் ஆடவில்லை. முதலாளி வெயிலில் கொண்டுபோய்ப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். நல்லா இருக்குது என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை அந்த மனுஷனுக்கு. அவனைப் பார்த்து, "பெரிய தொட்டிய அடுப்புல ஏத்து. நீயும் இந்தம்மாவும் புடிங்க" என்றார்.

சத்யராஜ் என்னிடம், "நான் எந்தப் பக்கம்கா?" என்று கேட்டான்.

வலது முனையைக் காட்டினேன். நான் அடுப்புப் பக்கம் போய் நின்றேன்.