கட்டிலின் இடது பக்கம்

என்னங்க,

அடுத்த அறையில் இருக்கிறவருக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. கூப்பிட்டால் திரும்புவதில்லை. கம்ப்யூட்டரில் பிளாக் எழுதுகிறீர்கள்.

ரிட்டயர் ஆனவர் சும்மா உட்கார வேண்டாமே என்று நான்தான் எழுதச் சொன்னேன். திங்கள் தோட்டம், புதன் சமையல், வெள்ளி பழைய நினைவுகள் என்று அட்டவணை போட்டு எழுதுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் ஆவடி டாங்க் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தவரை வீட்டில் வாயே திறந்ததில்லை. "ஃபேக்டரி விஷயம் வெளிய பேசக் கூடாது" என்பீர்கள். நானும் எதையும் கேட்காமலே பழகிவிட்டேன்.

இன்று காலை பக்கத்து வீட்டு சபீனா கேட்கிறாள்: "இன்னாக்கா, சாருக்கு லெஃப்ட் காது சுத்தமா கேக்காதாமே? பிளாக்ல எழுதிக்கீறாரு."

எஞ்சின் சோதனைச் சத்தத்தில் எப்போதோ போனதாம். தெரிந்தால் வேறு வேலைக்கு மாற்றிவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லையாம். முகம் தெரியாதவர்கள் எல்லாம் அதற்குக் கீழே கமெண்ட்டில் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள்.

கட்டிலில் நான் எப்போதும் உங்கள் இடது பக்கம். என் அம்மா தவறிப்போன பிறகு நான் புலம்பியதெல்லாம் அந்தக் காதில்தான். பதில் சொல்லாத மனுஷன் என்று அதற்கப்புறம் பேசுவதையே விட்டுவிட்டேன்.

என் தலையணையை உங்கள் வலது பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறேன். இதை மட்டும் பிளாக்கில் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி